ஓய்வுக்காலப் பணத்தை மாத வருமானத்துக்காக முதலீடு செய்ய எந்தப் புரோக்கரிடம் கட்டணம் குறைவு?

பணி ஓய்வில் 25 லட்சம் வந்திருக்கிறது, அதைப் பங்கு, ஃபண்ட், பத்திரம் என்று பிரித்துப் போட்டு மாதச் செலவுக்கு வருமானம் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். அப்பா ஓய்வுபெற்றபோது எனக்கும் இதே கேள்விதான். நாலு புரோக்கர்களின் கட்டணப் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டேன். ஆனால் பணம் போனது நான் பார்க்காத இடத்தில்.

முதலில் புரோக்கரேஜ். 10 லட்சத்துக்குப் பங்கு வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். கிளை வைத்து நடத்தும் பழைய வகைப் புரோக்கர் 0.5 சதவீதம் கேட்டால் 5,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 900, ஆக 5,900. கிளை இல்லாமல் ஆன்லைனிலேயே நடத்தும் டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் இது பூஜ்யம், அல்லது ஆர்டருக்கு 20 ரூபாய் போல வரும். பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது 1,000 ரூபாய். முத்திரைக் கட்டணம் 150. இந்த இரண்டும் யாரிடம் போனாலும் மாறாது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்குக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாய். விற்கும்போது ஒவ்வொரு கம்பெனியின் பங்குக்கும் (எத்தனை பங்கு என்று பார்க்காமல்) டிபி கட்டணம் என்று, டீமேட் கணக்கிலிருந்து எடுப்பதற்காக, பதினைந்து, இருபது ரூபாய் எடுப்பார்கள். மாதாமாதம் கொஞ்சம் விற்றுச் செலவுக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகப் புரோக்கருக்குப் புரோக்கர் வித்தியாசம் சுமார் ஆறாயிரம், அதுவும் வாங்கும்போது ஒரே ஒரு முறை.

இப்போது ஃபண்டுக்கு வருகிறேன். அப்பாவின் சம்பளக் கணக்கு இருந்த வங்கியிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்து, 12 லட்சத்தைப் பங்கும் பத்திரமும் கலந்த ஒரு ஹைப்ரிட் ஃபண்டில் போட்டுக்கொடுத்தார். "சார், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை" என்றார். ஆறு மாதம் கழித்து ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை வந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தவர், ஒரு கட்டத்தைக் காட்டி, "4,800 சொச்சம் போட்டிருக்கே, இது நமக்கு வரவா, பற்றா?" என்று கேட்டார். ஃபண்டை விற்ற விநியோகஸ்தருக்கு, அதாவது அந்த வங்கிக்கு, போன கமிஷன் அது. அந்த அரையாண்டுக்கு மட்டும். அதை ரூபாயில் காட்ட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2016ல் விதி போட்டதால்தான் எங்கள் கண்ணில் பட்டது.

ஏஜென்ட் அல்லது வங்கி வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் இந்தக் கமிஷன், ஃபண்ட் வருடாவருடம் எடுக்கும் செலவு விகிதத்துக்குள் அடங்கிவிடும். தினமும் என்ஏவியிலிருந்தே, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பிலிருந்தே, கழிந்துவிடுவதால் தனியாக ரசீது வராது. அதே ஃபண்டை நடுவில் யாருமில்லாமல் நேராக வாங்கும் டைரக்ட் பிளான் 2013 ஜனவரி 1 முதல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 0.8 சதவீதம் இடைவெளி என்றால் 12 லட்சத்துக்கு வருடம் 9,600. ஃபண்ட் வளர்ந்தால் கமிஷனும் வளரும். பதினைந்து வருடம் வைத்திருந்தால் ஒன்றரை லட்சம் இப்படியே போகும். நான் ஆறாயிரத்துக்காக ஒரு நாளைச் செலவழித்தேன், இதை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் டைரக்டுக்கு மாற்றினோம். அந்த மாற்றமே விற்பனைக் கணக்கில் சேரும், மூலதன ஆதாய வரி வரும் என்பதும், எங்கள் ஃபண்டில் ஒரு வருடத்துக்குள் வெளியேறினால் 1 சதவீதம் பிடிப்பார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வருடம் முடியும் வரை காத்திருந்தோம். நீங்கள் முதல் நாளே டைரக்ட் எடுத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

ஆனால் உங்கள் ஊரில் நம்பிக்கையான ஏஜென்ட் ஒருவர், நாமினி மாற்றுவது முதல் படிவம் நிரப்புவது வரை வீட்டுக்கு வந்து செய்துகொடுப்பார், உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ கூட நிற்பார் என்றால், அந்தக் கமிஷனைத் தெரிந்தே கொடுக்கலாம். தெரியாமல் கொடுப்பதுதான் எனக்கு வலிக்கிறது. பங்குப் புரோக்கர் தினமும் போன் போட்டு "இதை விற்று அதை வாங்குங்க சார்" என்றால் மட்டும் கேட்காதீர்கள். 0.5 சதவீதக்காரரிடம் ஒரு முறை விற்று வேறொன்றை வாங்கினால், வரியும் ஜிஎஸ்டியும் சேர்த்து 1.4 சதவீதம் காலி. வருமானத்துக்காக வைத்திருக்கும் பணம் அதைத் தாங்காது.

பத்திரங்களில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். ஆன்லைனில் கம்பெனி பாண்டு விற்பவர்கள் கட்டணமே இல்லை என்பார்கள். அவர்களின் லாபம் பெரும்பாலும் விலைக்குள் இருக்கும். பத்திரத்தில் எழுதியிருக்கும் கூப்பன் வட்டியைப் பார்க்காமல், உங்கள் கைக்கு வரும் விலையில் முதிர்வு வரை என்ன ஈட்டம் என்று கேளுங்கள். அரசுப் பத்திரம் என்றால் புரோக்கரே வேண்டாம். நேராக அரசுப் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் என்ற இணையத் தளம் 2021 நவம்பரில் வந்தது; கணக்குத் தொடங்கவும் வைத்திருக்கவும் கட்டணம் இல்லை. வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். வட்டி மாதங்கள் வேறுபடும்படி மூன்று நான்கு பத்திரங்களாக எடுத்தால் வருமானம் பரவலாக வரும்.

என்னைக் கேட்டால், 25 லட்சத்தில் பெரும்பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிட்டு மீதிக்குத்தான் புரோக்கரைத் தேடுவேன். தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடங்கலாம், உச்சவரம்பு 30 லட்சம். 8.2 சதவீதத்தில் 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,750 ரூபாய் கணக்கில் விழும். அப்பா இதைத்தான் வீட்டுச் செலவுக்கு எடுக்கிறார்.

உங்கள் வயதை நீங்கள் சொல்லவில்லை. 60 முடிந்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். 55க்கு மேல், 60க்குள் ஓய்வுபெற்றவர் என்றால், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கணக்கைத் தொடங்கியாக வேண்டும். பணம் வரவான தேதியை இன்றே பாஸ்புக்கில் பார்த்துவிடுங்கள்.