நேரம் ஓடுது, கோடு முடியேல்லை

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "தரம் 5 படிக்கும் மகன் போனில் ஒரே நிறப் புள்ளிகளை ஒன்றையொன்று வெட்டாத கோடுகளால் இணைக்கும் ஃப்ளோ ஃப்ரீ விளையாடுகிறான். நேரம் வைக்காவிட்டால் கெட்டிக்காரன். 30 விநாடி ஆட்டத்தில் இரண்டாவது பலகையிலேயே தடுமாறுகிறான். ரியூசன் மாஸ்டர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு வேகப் பயிற்சிச் செயலி தருவாராம். காசு கட்டினால் விளையாட்டும் சரிவரும், புலமைப்பரிசில் பரீட்சையும் சரிவரும் என்கிறார். கட்டலாமா?"

கட்ட வேண்டாம் அம்மா. மகனுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பலகை திறந்ததும் பிள்ளைகள் கண்ணில் பட்ட முதல் நிறத்தை இழுத்துவிடுவார்கள். நடுவால் ஒரு கோடு விளிம்பிலிருந்து விளிம்புக்குப் போனால், வயலுக்குள் வரம்பு போட்ட மாதிரி பலகை இரண்டாகிவிடும். பச்சைப் புள்ளி ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்றால் ஆட்டம் போச்சு. ஆகவே ஓரத்தில் தொடங்கி உள்ளே வரச் சொல்லுங்கள். ஒரு சோடிப் புள்ளிகள் இரண்டும் விளிம்பில் இருந்து, இடையில் வேறு புள்ளி இல்லையென்றால் விளிம்போடு இழுத்துவிடலாம். அடுத்து மூலைகள். மூலைப் பெட்டியில் புள்ளி இல்லாவிட்டால், ஏதோ ஒரு கோடு அதற்குள் வந்து திரும்பித்தான் போகும். எனவே மூலைக்கு அடுத்த இரண்டு பெட்டிகளும் அதே நிறம். இவ்வளவும் முடிந்தால் 5க்கு 5 பலகையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

ஒன்றை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். மூலை விதி, எல்லாப் பெட்டியும் நிரம்ப வேண்டும் என்று கேட்கும் விளையாட்டுக்குத்தான். ஃப்ளோ ஃப்ரீ கேட்கும். இதே மாதிரி இருக்கும் வேறு சில கேட்காது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் இணைந்தால் போதும் என்று விட்டுவிடும். அங்கே மூலை வெறுமையாகக் கிடக்கலாம், சுற்றிப் போனால் விநாடிதான் வீண். எப்படிக் கண்டுபிடிப்பது? புதிய விளையாட்டை ஏற்றியதும் முதற் பலகையில் வேண்டுமென்றே ஒரு பெட்டியை நிரப்பாமல் எல்லா நிறத்தையும் இணைத்துப் பார்க்கட்டும். வென்றதாகக் காட்டினால் மூலை விதியை மறந்துவிடலாம். காட்டாவிட்டால் அதையே பிடிக்கட்டும்.

பிழைத்த கோட்டை அழித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மேலால் வேறு நிறத்தை இழுத்தால் பழையது அறுந்துவிடும். வெயிலில் சிவப்பும் செம்மஞ்சளும் மயங்கினால், அமைப்புகளுக்குள் போய்ப் புள்ளிகளுக்கு எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். வேகப் பயிற்சி இதற்குமேல் இல்லை.

இனி அந்த மாஸ்டர். புலமைப்பரிசில் முதலாம் பகுதியில் 1 மணித்தியாலத்துக்குள் 40 வினா. அந்தப் பயத்தைத்தான் இவர்கள் விற்கிறார்கள். 2010இல் பிரிட்டனில் 11,000 பேருக்கு மேல் ஆறு கிழமை மூளைப் பயிற்சி விளையாட்டுக்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்தவர்கள்தான், என்றாலும் கேளுங்கள்: பழகிய விளையாட்டில் கை தேறியது, பழகாத வேலைக்கு அது உதவவில்லை. கோடு இழுத்துப் பரீட்சைப் புள்ளி ஏறாது அம்மா. பத்து வயதுப் பிள்ளையைக் கடிகாரத்தோடு ஓடவிட்டு, வென்றவர்களின் படத்தை ஏ9 வீதியோரம் பதாகையில் தொங்கவிடும் இந்தச் சோதனையை மாற்றுவோம் என்று எத்தனை அமைச்சர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்! அது இருக்கும்வரை இந்த வியாபாரமும் இருக்கும்.

காசைவிடப் பெரிய ஆபத்து அந்தச் செயலி. ஃப்ளோ ஃப்ரீ பிளே ஸ்டோரில் இலவசம். டேற்றாவை நிறுத்திவிட்டு விளையாடினால் விளம்பரத் தொல்லையும் குறையும். அப்படியிருக்க, வட்ஸ்அப்பில் கோப்பாக ஏன் வரவேண்டும்? கோடு இழுக்கும் விளையாட்டு உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டால், அது வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். போனில் வங்கிக் கணக்குப் பாவிப்பவரென்றால், வேறொரு போனிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கும் ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள்.