லைவில் சரிசெய்த பிழை மறுபடி வருவது ஏன்?

கேள்வி: போன வாரம் லைவ் சர்வரில் ஒரு பிழையைச் சரிசெய்தோம். அடுத்த டிப்ளாய்மென்டில் (புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றியபோது) அது அப்படியே திரும்பி வந்துவிட்டது. நாங்கள் கிட் (Git, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறோம். எந்தப் பதிப்பு லைவில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: திருத்தத்தைச் சர்வரிலேயே கையால் செய்திருப்பீர்கள், கமிட் செய்திருக்க (அந்த மாற்றத்தைக் கிட்டில் பதிந்திருக்க) மாட்டீர்கள். ரெப்போவில், அதாவது கிட் எல்லா ஃபைல்களையும் வரலாற்றோடு வைத்திருக்கும் இடத்தில், பழைய ஃபைல்தான் இருந்தது. அது புதியதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கிட்டுக்குச் சொல்லாத மாற்றம் கிட்டுக்குத் தெரியாது. இதுபோல இன்னும் எத்தனை திருத்தங்கள் சர்வரில் மட்டும் கிடக்கின்றனவோ! அடுத்த டிப்ளாய்க்கு முன் சர்வர் ஃபோல்டரை முழுதாக இறக்கி, ரெப்போவோடு டிஃப் போட்டு, எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள்.

அப்புறம், எந்தப் பதிப்பு லைவில் இருக்கிறது என்ற கேள்விக்கு 'மெயின் பிராஞ்சைப் போட்டோம்' என்பது பதிலே இல்லை. பிராஞ்ச் என்பது கடைசி கமிட்டைக் காட்டும் பெயர், அது நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் காட்டிய இடத்தை மாலையில் காட்டாது. கமிட் நகராது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு டேக் (குறிப்பிட்ட கமிட்டுக்கு வைக்கும் நிலையான பெயர்) வையுங்கள், அந்த டேக்கிலிருந்து மட்டும் டிப்ளாய் செய்யுங்கள். சாதாரணமாகப் புஷ் செய்தால் (பொது ரெப்போவுக்கு அனுப்பினால்) டேக் போகாது, அதைத் தனியாகப் புஷ் செய்ய வேண்டும். கமிட் எண்ணின் முதல் 7 எழுத்துகளை மென்பொருளின் 'அபவுட்' பக்கத்தில் காட்டுங்கள். லைவில் இருப்பது எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஏதாவது உடைந்தால் முந்தைய டேக்கைப் போடுங்கள், தவறான கமிட்டை ரிவர்ட் செய்யுங்கள் (அதன் மாற்றத்தைத் திருப்பும் புதிய கமிட் போடுங்கள்). பொது ரெப்போவின் வரலாற்றை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் வேண்டாம்.

டேட்டாபேஸ் மட்டும் இதில் சேராது. நிரல் பழைய பதிப்புக்குப் பின்னால் போகும், டேட்டா போகாது. புதிய பதிப்பு டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு நெடுவரிசையை (column) நீக்கிவிட்டது என்று வையுங்கள். பழைய நிரல் வந்ததும் அந்த நெடுவரிசையைத் தேடி விழும். அதிலிருந்த தகவலும் போனது போனதுதான், பேக்கப் இருந்தால் உண்டு. அதனால் முதல் வெளியீட்டில் அந்த நெடுவரிசையைப் பயன்படுத்துவதை மட்டும் நிறுத்துங்கள். அது சில வாரம் நன்றாக ஓடிய பிறகு, வேறொரு வெளியீட்டில் நீக்குங்கள். 'இதற்கு எதற்கு இரண்டு வெளியீடு?' என்று மேலிடம் கேட்கும். கேட்கட்டும். 'இப்போதே லைவில் மாற்று' என்று நெருக்குவதும் அதே மேலிடம்தான், உங்கள் பிழையும் அப்படித்தான் திரும்பி வந்தது.

வெளியாட்களிடம் வேலை கொடுத்திருந்தால் ஜிப் ஃபைலை வாங்கிக்கொண்டு திருப்திப்படாதீர்கள். ஜிப்பில் வரலாறு இருக்காது. ரெப்போவைத் தங்கள் கணக்கில் வைத்துக்கொண்டு, கடைசிப் பணம் வரும்வரை சாவியைத் தராத இடைத்தரகர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் கமிட்டிலிருந்தே ரெப்போ உங்கள் நிறுவனக் கணக்கில் இருக்கட்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.