ஆயர் பானாஸில் குடியிருந்துகொண்டு சுடுதண்ணிக்கு அலைவதா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, வேலை, சாலை நெரிசல், பிள்ளைகளின் டியூஷன் என்று ஓய்ந்துபோய்விட்டோம். கோலாலம்பூரிலிருந்து ஒரு நாள், மிஞ்சினால் ஓர் இரவு, போய்வர இயற்கையான வெந்நீர் ஊற்று ஒன்று சொல்லுங்கள். கூட்டம் கூடாது. சுத்தம் வேண்டும், உடை மாற்ற அறை வேண்டும். மாமியாரின் மூட்டுவலியும் தீர வேண்டும். பிள்ளைகள் அங்கே முட்டை அவிக்க வேண்டுமாம்.
– ஒரு வாசகி, ஜாலான் ஆயர் பானாஸ், செத்தாபாக்

பதில்: உங்கள் முகவரியை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள், சகோதரி. ஆயர் பானாஸ் என்றால் மலாயில் சுடுதண்ணி. அந்தப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து வெந்நீர் வந்ததால் வந்த பெயர். தினமும் அந்தச் சாலையில் ஊர்ந்துகொண்டே, சுடுதண்ணி எங்கே கிடைக்கும் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்! சரி, அடுத்த தெருவுக்குப் போக யாரும் பை கட்ட மாட்டார்கள். எவ்வளவு தூரம் போனால் ஊரை விட்டுப் போன மாதிரி இருக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று வைத்துக்கொள்கிறேன்.

எரிமலையே இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படிச் சுடுகிறது என்று பிள்ளைகள் காரில் கேட்பார்கள். தீபகற்பத்தின் முதுகெலும்பு மாதிரி ஓடும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல், வயது சுமார் 20 கோடி ஆண்டு. மழைத் தண்ணீர் அதன் வெடிப்புகளில் இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் 25, 30 பாகை சூடு கூடும். அந்தக் கல்லில் உள்ள யுரேனியமும் தோரியமும் சிதைவதால் வரும் சூடும் அதோடு சேர்கிறது. சூடேறிய தண்ணீர் வேறொரு வெடிப்பைப் பிடித்து மேலே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஊற்றுகள் எல்லாம் மலையை ஒட்டியே கிடக்கின்றன. செலாயாங், உலு லங்காட், உலு தாமு, கெர்லிங், மலைக்கு அந்தப் பக்கம் பெந்தோங், வடக்கே போனால் உலு சிலிம், சுங்காய், தம்புன்.

இதில் செலாயாங் பத்துமலைக்குப் பக்கம். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் காலை நனைத்துவிட்டு வரலாம், ஆனால் அதை விடுமுறை என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உலு லங்காட்டில் பதினாறாம் கட்டைப் (பழைய மைல்கல் கணக்கு) பக்கம், டூசுன் துவாவில், ஊற்று இருக்கிறது. காடு, ஆறு, டுரியான் பருவத்தில் வழியெல்லாம் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பதினாலாம் கட்டையிலேயே கார்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் நிபந்தனைகள். இயற்கையாக இருக்க வேண்டும், உடை மாற்ற அறையும் இருக்க வேண்டும் என்கிறீர்கள். தொட்டி கட்டினால் ‘செயற்கை’ என்று முகம் சுளிப்பதும், கட்டாமல் விட்டால் ‘ஒரே சேறு’ என்று திரும்பி வருவதும் நாம்தான். தொட்டி கட்டுவது அழகுக்காக மட்டும் இல்லை. ஊற்றுக்கண்ணில் தண்ணீர் 60 பாகையைத் தாண்டினால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். யாராவது பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றித் தந்தால்தான் நீங்கள் இறங்க முடியும். ஆகவே உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது சுங்காய் பக்கத்தில் உள்ள சுங்கை கிளா. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக்கு நடுவே, மலையடிவாரம், பல சூட்டில் குளங்கள், உடை மாற்ற இடம். நுழைவுக் கட்டணம் உண்டு. கூட்டம்? பள்ளி விடுமுறையில் போனால் பாதி கோலாலம்பூரை அங்கே பார்க்கலாம். ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு விடிகாலையில் கிளம்புங்கள்.

இரவு தங்குவதென்றால் கூரை உள்ள இடமாகப் பாருங்கள். மழைக்காலத்தில் மலைச்சரிவில் கூடாரம் அடிக்க நினைத்தால், 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங்காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் உயிர் போனதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் விஷயத்தில் ஏமாற்ற விரும்பவில்லை. சூடு பட்டால் மூட்டு இளகும், அன்றிரவு நன்றாகத் தூங்குவார். வலி இரண்டு நாளில் திரும்பி வரும். முட்டை அழுகின மாதிரி வாடை அடித்தால் ‘கந்தகத் தண்ணி, எல்லா வியாதியும் போகும்’ என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லுவார், தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். நான் கவலைப்படுவது சர்க்கரைக்குத்தான். நம் வீடுகளில் அது இல்லாத பெரியவர் அபூர்வம். கால் மரத்துப்போனவருக்குத் தண்ணீர் சுடுவதே தெரியாது, கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். உங்கள் கையை முதலில் விட்டுப் பாருங்கள். 40 பாகைக் குளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும், கையைப் பிடித்துத் தூக்குங்கள். கர்ப்பிணி யாராவது உடன் வந்தால் அவர் இறங்க வேண்டாம். பிள்ளைகள் தலையை முக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். மிக அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பிழைப்பது கடினம்.

கடைசியாக முட்டை. வெள்ளைக்கரு கெட்டியாகத் தொடங்கவே 60 பாகைக்கு மேல் வேண்டும், எல்லா ஊற்றிலும் அந்தச் சூடு கிடையாது. சுங்கை கிளாவில் முட்டை அவிக்கவே தனி இடம் இருக்கிறது, கூடையில் போட்டு இறக்கலாம். இது தெரியாத வயதில் நானும் என் மச்சானும் பத்து முட்டையோடு நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊற்றுக்குப் போய், ஒரு மணி நேரம் குந்தியிருந்து, வெந்துவிட்டது என்று வீட்டுக்குக் கொண்டு வந்தோம். முதல் முட்டையை நாசி லெமாக்கின் மேல் உடைத்தேன். சம்பலோடு சேர்ந்து தட்டெல்லாம் ஓடியது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.