சுசுகி வினையில்தான் என் சோறு: ஒரு வேதியியலாளரிடம் கேட்டவை

பதினெட்டு வருடமாக ஹைதராபாத் பக்கம் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். படித்த கல்லூரியின் வேதியியல் துறைக்கு வருடா வருடம் கொஞ்சம் பணம் தருகிறேன். அதைப் பற்றியும் வேதியியல் படிப்பைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தென்காசியிலிருந்து ஒரு மாணவி: சார், எம்.எஸ்ஸி. முடித்ததும் வேலைக்குப் போகலாமா, பிஎச்.டி. சேரலாமா?

முதலில் வீட்டு நிலைமையைப் பாருங்கள் மா. நான் மருந்தின் தரத்தைச் சோதிக்கும் க்யூசி பிரிவில் சேர்ந்து, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவி முன்னால் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்தேன். அது வரையும் கோட்டில் ஒரு பீக் (முகடு) ஏன் இரண்டாகப் பிளக்கிறது என்று கேட்டால், "எஸ்ஓபி-யைப் பார்", அதாவது செய்முறைக் கையேட்டைப் பார் என்பார்கள். அந்த எரிச்சலில்தான் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் தேர்வை எழுதினேன். அதில் தேறி பிஎச்.டி. சேர்பவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மாதாமாதம் வரும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். எனக்கு ஒரு முறை ஏழு மாதம் வரவில்லை; மெஸ் அண்ணன் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு சோறு போட்டார்.

கோவை நண்பர்: கம்பெனியில் இருக்கும் உங்களுக்கு அடிப்படை ஆராய்ச்சி மேல் என்ன அக்கறை?

உங்கள் வீட்டில் யாராவது பிபி-க்கு லோசார்ட்டன் சாப்பிடுகிறார்களா? அந்த மூலக்கூறுக்குள் இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒட்டவைப்பது லேசில்லை. ஒரு வளையத்தில் போரானை மாட்டி, துளியூண்டு பல்லேடியம் உலோகத்தை வினையூக்கியாகச் சேர்த்தால் வேலை நடக்கும் என்று 1981-ல் காட்டியவர்கள் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இருந்த அகிரா சுசுகியும் நோரியோ மியாவுராவும். லோசார்ட்டன் அப்போது பிறக்கவே இல்லை. இதைத்தான் சுசுகி வினை என்கிறோம். சுசுகி அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. 2010-ல் நோபல் வந்தது.

நான் முதன்முதலில் இந்த வினையை கம்பெனியின் ரியாக்டர் கலனில் போட்ட இரவு, காற்றை விரட்ட நைட்ரஜன் போதுமான அளவு ஊதவில்லை. மூன்று மணிக்கு கலனின் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்க்கிறேன், வெளிர்மஞ்சளாக இருக்கவேண்டிய கரைசல் பேனா மை மாதிரி கறுத்துக் கிடக்கிறது. உள்ளே புகுந்த ஆக்சிஜனில் வினையூக்கி கெட்டு, பல்லேடியம் கருந்தூளாகப் பிரிந்துவிட்டது. அந்த பேட்ச் போச்சு. அடுத்ததைக் காப்பாற்றியது பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகள்தான். இந்த வினை எந்தப் படியில் எப்படித் தடுக்கி விழும் என்று யாரோ வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதிவைத்திருந்தார்கள். அவர்களுக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை.

சேலத்திலிருந்து: உங்கள் சின்னத் தொகையால் என்ன மாறிவிடும்?

பணம் இல்லாமல் ஆராய்ச்சியை விட்ட டக்ளஸ் பிரஷர் என்ற விஞ்ஞானியின் கதை தெரியுமா? ஜெல்லி மீனில் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை 1992-ல் பிரித்தெடுத்துக் காட்டியவர். அதற்குள் ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனது. கேட்ட மற்ற விஞ்ஞானிகளுக்கு அந்த மரபணு மாதிரிகளை அனுப்பிவிட்டு விலகினார். 2008-ல் அந்தப் புரதத்துக்காக மூன்று பேருக்கு நோபல் கிடைத்தபோது, இவர் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு கார் ஷோரூமுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம், காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். எனக்கு அந்த வசதி இல்லை. என் பணம் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனையின் கட்டணத்துக்கும், கலவையைப் பிரிக்க உதவும் சிலிக்கா ஜெல்லுக்கும் போகிறது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் காசு கட்டி வெளி ஆய்வகத்தில் என்எம்ஆர் எடுக்கவேண்டும் என்பதால், பத்தில் மூன்றைத்தான் பிள்ளைகள் அனுப்புவார்கள். மீதி ஏழு ஃப்ரிட்ஜில் தூங்கும். இப்போது பத்தும் போகிறது.

மதுரையிலிருந்து: அதில் ஏதாவது கண்டுபிடிப்பு வந்ததா?

இன்னும் இல்லை. நான் கேட்பதும் இல்லை.

ஒரு அப்பா: பிளஸ் டூ முடித்த பையன் கெமிஸ்ட்ரிதான் வேண்டும் என்கிறான். சேர்க்கலாமா?

அந்தப் பாடத்தில் எது பிடிக்கும் என்று கேளுங்கள் ஐயா. மார்க் வருகிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு உப்பில் என்ன இருக்கிறது என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் சால்ட் அனாலிசிஸ் செய்யப் பிடிக்கும் என்றால் சேர்த்துவிடுங்கள்.