எந்த வீடியோ கேமை வாங்குவது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் விளையாட ஒன்றுமே இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். லைப்ரரியில் பாதி தொடாமல் கிடக்கும், விஷ்லிஸ்ட் நூறைத் தாண்டியிருக்கும், அப்படியும் தள்ளுபடி அறிவிப்பு வந்தால் கை துறுதுறுக்கும். உங்களுக்குப் பத்து கேம் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் அதில் ஏழு ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். அதனால் பட்டியல் தரப்போவதில்லை. பட்டியல் இல்லாத பதில் பதிலே இல்லை என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆசைக் கணக்கு வேண்டாம், போன மாதம் உண்மையில் எவ்வளவு விளையாடினீர்கள் என்ற கணக்கு. பிறகு 'ஹவ் லாங் டு பீட்' தளத்தில் கேமின் பெயரைத் தேடுங்கள். முதன்மைக் கதை மட்டும், கூடுதல் பணிகளோடு, அனைத்தையும் முடிக்க என்று மூன்று எண்கள் இருக்கும். நடு எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் குறைவு. 'பர்சோனா 5 ராயல்' கதை மட்டுமே சுமார் 100 மணி நேரம். வாரம் 5 மணி நேரம் உள்ளவருக்கு அது 20 வாரம், அதாவது ஐந்து மாதம். அதே ஆளுக்கு 'போர்ட்டல் 2' இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். வாங்கும் முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்தாலே விஷ்லிஸ்டில் பாதி தானாக உதிரும்.

விலையை மணி நேரத்தால் வகுத்து 'இது லாபம்' என்று சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டாம். 100 மணி நேரத்தில் 60 மணி நேரம் வரைபடத்தில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாக அழிப்பதில் போனால் அது லாபமில்லை, கூலியில்லாத வேலை.

நேரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், யாரும் இதைச் சொல்வதில்லை: நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா? 'எல்டன் ரிங்' கேமை வழக்கமான முறையில் பாஸ் செய்ய, அதாவது நடுவில் அப்படியே நிறுத்தி வைக்க, முடியாது. தனியாக விளையாடினாலும் முடியாது. அதே நிறுவனத்தின் 'செகிரோ'வில் முடியும். 'ஹேடிஸ்' ஒரு சுற்று அரை மணி நேரம் அளவில் முடியும், நடுவில் வெளியேறினாலும் இருந்த அறையின் தொடக்கத்திலிருந்து தொடரலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில், எந்த நேரமும் அலுவலக அழைப்பு வரும் வேலையில், இந்த ஒரு விவரம் கிராஃபிக்ஸைவிட முக்கியம். கேம் பெயரோடு 'சேவ் எனிவேர்' என்று சேர்த்துத் தேடினால் யாராவது கேட்டு, யாராவது பதில் சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது ரிவ்யூ. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கேமின் பக்கத்தில் வரும் ஒற்றை வரித் தீர்ப்பை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். அது எத்தனை பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள் என்ற சதவீதம், மதிப்பெண் கிடையாது. எல்லோருக்கும் 'பரவாயில்லை' என்று படுகிற கேமும் 95 சதவீதம் வாங்கலாம். நான் பரிந்துரைப்பது எதிர்மறை ரிவ்யூக்களை மட்டும் படிப்பது. மொத்த ரிவ்யூவையும் கடந்த 30 நாள் ரிவ்யூவையும் ஸ்டீம் தனித்தனியாகக் காட்டுகிறது. மொத்தம் நன்றாக இருந்து அண்மைய கணக்கு சரிந்திருந்தால் ஏதோ ஒரு அப்டேட் கெடுத்திருக்கிறது, அல்லது கேமுக்குத் தொடர்பில்லாத கோபத்தில் கூட்டமாக வந்து குத்தியிருக்கிறார்கள். நான்கு ரிவ்யூ படித்தால் எது என்று தெரிந்துவிடும்.

எதிர்மறை ரிவ்யூவைப் படிக்கும்போது பக்கத்தில் உள்ள விளையாடிய நேரத்தையும் பாருங்கள். அரை மணி நேரத்தில் திட்டியிருப்பவர் பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறைச் சொல்வார்: திறக்கவில்லை, விட்டுவிட்டு ஓடுகிறது. 15 மணி நேரத்தில் நிறுத்தியவர் சொல்வதுதான் தங்கம். எங்கே சலித்தது, எது திரும்பத் திரும்ப வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். 800 மணி நேரம் ஆடிவிட்டுத் திட்டுபவரின் குறை உங்களுக்கு ஒருபோதும் வந்து சேராது. பிறகு குறைகளைப் பிரியுங்கள். 'வசனம் அதிகம், சண்டை குறைவு' என்று ஒருவர் வைகிறார் என்றால், படிக்கப் பிடித்தவருக்கு அது விளம்பரம். உங்கள் குணத்துக்குப் பொருந்தாத குறைகள் மட்டுமே இருக்கும் கேமை தைரியமாக வாங்கலாம். ஐந்து பேர் ஒரே இடத்தில் கேம் முடங்குகிறது என்று எழுதியிருந்தால் அதைச் சரிசெய்யும் அடுத்த பேட்ச் வரும்வரை காத்திருங்கள்.

முன்பதிவு பற்றி என் கருத்து ஒரே சொல்: வேண்டாம். டிஜிட்டல் கடையில் சரக்கு தீர்ந்துபோவதில்லை. 'சைபர்பங்க் 2077' 10 டிசம்பர் 2020 அன்று வந்தது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கையில் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு. பழைய கன்சோல்களில் (பிளேஸ்டேஷன் போன்ற கேம் பெட்டிகளில்) அது எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்பது விற்பனைக்குப் பிறகே தெரிந்தது. ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள், திரும்பி வர 2021 ஜூன் ஆயிற்று. செப்டம்பர் 2023-இல் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அருமையான கேம். பொறுத்தவருக்குக் குறைந்த விலை, முந்தியவருக்கு முழு விலையும் தலைவலியும். வெளியீட்டுக்கு முந்தைய விமர்சனத்தில் எந்தச் சாதனத்தில் விளையாடினார்கள் என்ற வரியைத் தேடுங்கள். உங்கள் சாதனத்தின் பெயர் அதில் இல்லையென்றால் அது உங்களுக்கான விமர்சனமே கிடையாது.

'நண்பர்கள் எல்லோரும் முதல் நாளே ஆடும்போது நான் மட்டும் ஒரு வருடம் காத்திருக்கவா' என்று கேட்பீர்கள். நியாயம்தான். நண்பர் கூட்டத்தோடு ஆடும் கேமுக்கு இந்த விதி செல்லாது, அங்கே நீங்கள் வாங்குவது கேமை விட அந்தக் கூட்டத்தை. தனியாக ஆடும் கேமுக்கு அவசரம் ஏன்? ஸ்டீமே வெளியிட்ட கணக்குப்படி 2024-இல் அதன் பயனர்கள் விளையாடிய மொத்த நேரத்தில் அந்த ஆண்டுக் கேம்களுக்குப் போனது 15 சதவீதம்தான். எல்லோரும் புதுசை ஆடுகிறார்கள் என்பது பிரமை.

கணினியில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி, கன்சோல்காரர்கள் தாண்டிப் போகலாம். 'குறைந்தபட்சத் தேவை' என்று போட்டிருப்பதில் எத்தனை ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம்), எந்த ரெசல்யூஷன் (படத்தின் துல்லியம்) என்று சொல்லாவிட்டால் அதை நம்ப வேண்டாம். சொன்னாலும் கீழே உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' முதலில் அறிவித்த பரிந்துரைத் தேவையில் 60 ஃபிரேம் என்றது, இடையிடையே செயற்கைப் படங்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்ட பிறகு வரும் 60. நிஜமான ஃபிரேம் அதைவிடக் குறைவு. நல்ல வேளையாக அந்த கேமுக்கு கணினியின் வேகத்தைச் சோதிக்கும் இலவச பெஞ்ச்மார்க் ஒன்றையும் வெளியிட்டார்கள். அப்படி ஒன்று இருந்தால் வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. இல்லாவிட்டால் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரையும் கேமின் பெயரையும் சேர்த்து வீடியோ தேடுங்கள். லேப்டாப் என்றால் 'லேப்டாப்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் கார்டு வேறு: டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் கார்டில் 16 ஜிபி மெமரி, அதே பெயருள்ள லேப்டாப் கார்டில் 12 ஜிபி. மெமரி போதாத கார்டில் சராசரி ஃபிரேம் நன்றாக இருந்தும் திரும்பும்போதெல்லாம் படம் இடறும், பொருள்களின் மேற்பரப்புப் படமான டெக்ஸ்ச்சர் குழம்பும். 2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் பட்ட பாடு அதுதான். இடமும் பாருங்கள். 'பால்டர்ஸ் கேட் 3' 150 ஜிபி கேட்கிறது, அதுவும் எஸ்எஸ்டியில்.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீராது. அதற்குத்தான் ரீஃபண்ட். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் காரணம் எதுவானாலும் பணம் திரும்ப வரும். இந்த 2 மணி நேரத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்க வேண்டும். கேம் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் ஏறும், மெனுவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் ஏறும், முதல்முறை திறக்கும்போது கிராஃபிக்ஸைத் தயார் செய்யும் 'ஷேடர் கம்பைல்' ஓடும்போதும் ஏறும். முதல் பத்து நிமிடம் அமைப்புகள்: ரெசல்யூஷன், எழுத்து அளவு, கன்ட்ரோலர், தலைசுற்றல் வருமென்றால் பார்வைக் கோணம். பிறகு அறிமுகப் பகுதியைத் தாண்டி உண்மையான ஆட்டம் தொடங்கும் இடம் வரை போங்கள். 90 நிமிடத்தில் நிறுத்திவிட்டு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் மாலை கை தானாக அதைத் திறக்கப் போகிறதா? போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய கையோடு தொடங்காமல் தள்ளிப்போட்டால் இந்தச் சோதனைக்கு வழியில்லை, 14 நாள் சத்தமில்லாமல் ஓடிவிடும். தள்ளுபடியில் அள்ளிப்போட்டு வைப்பதன் உண்மையான நஷ்டம் இதுதான்.

'இது சிறிய நிறுவனங்களின் வயிற்றில் அடிப்பது' என்று யாராவது வருவார்கள். 'எ ஷார்ட் ஹைக்' மாதிரி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கேமை முடித்துவிட்டுப் பணம் கேட்பதை நான் சொல்லவில்லை, அது அல்பத்தனம். வாங்கிய இரண்டாம் நாளே தள்ளுபடி வந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம். அதை முறைகேடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமின் விதியிலேயே இருக்கிறது.

கடைக்குக் கடை விதி மாறும். எபிக் கடையிலும் 14 நாள், 2 மணி நேரம். ஜிஓஜி கடையில் 30 நாள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடைத் தொடங்கிவிட்டால் போயிற்று, எனவே தானாக டவுன்லோட் ஆகும் வசதியை முதலில் அணைத்துவையுங்கள். கன்சோலில் சந்தேகமுள்ள கேமுக்கு டிஸ்க்தான் காப்பீடு, பிடிக்காவிட்டால் விற்கலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வாங்கும்போது மட்டும் உறையைப் பாருங்கள். 'கேம் கீ கார்டு' என்று இருந்தால் உள்ளே கேம் கிடையாது, கார்டு வெறும் சாவி, மொத்தத்தையும் டவுன்லோட் செய்ய வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து ஒரு கடையில் வாங்கிய பிறகு கேமைத் திறக்க இன்னொரு நிறுவனத்தின் லாஞ்சர் செயலி எதற்கு, இன்னொரு கணக்கு எதற்கு? 'ஹெல்டைவர்ஸ் 2' வந்து மூன்று மாதம் கழித்து, 2024 மே மாதம், ஸ்டீமில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளிலும் அதுவரை கேம் விற்றுக்கொண்டிருந்தது! ஆட்கள் கொதித்ததும் சில நாளில் பின்வாங்கினார்கள். 'தி க்ரூ' என்ற கார் பந்தயக் கேமின் கதை இன்னும் மோசம். தனியாக ஓட்டக்கூடிய பெரிய வரைபடம், ஆனாலும் 31 மார்ச் 2024 அன்று சர்வரை அணைத்ததும் வாங்கியவர்கள் கையில் ஒன்றுமில்லை. இதனால் கடைப் பக்கத்தில் வலது ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறு பெட்டியைப் படிக்காமல் வாங்காதீர்கள். வேறு கணக்கு தேவையா, எப்போதும் இணையம் தேவையா என்று பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இணையம் இல்லாமல் ஓடாத கேமுக்கு முழு விலை கொடுப்பது வாடகையை மொத்தமாக முன்பணம் கட்டுவது மாதிரி.

மாதக் கட்டணத்துக்கு ஒரு கேம் தொகுப்பையே ஆடத் தரும் சந்தா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் இரண்டு கேம் தொட்டுப் பார்த்துவிட்டு விடும் ஆளுக்கு நல்லது. ஒரே கேமை ஐந்து மாதம் இழுப்பவருக்கு நஷ்டம், பாதியில் இருக்கும்போதே கேம் பட்டியலிலிருந்து நீங்கினாலும் நீங்கும்.

வாங்கியவற்றில் எதை ஆடுவது என்பது கேள்வியின் மறுபாதி. ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் இன்ஸ்டால் செய்து வைக்காதீர்கள்: நீளமான கதை ஒன்று, அரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடிகிற ஒன்று, நண்பர்களோடு ஆட ஒன்று. இரண்டு நீளமான கேம்களைச் சேர்த்து வைத்தால் இரண்டுமே நிற்கும், ஏனென்றால் ஒன்றுக்குத் திரும்பும்போது மற்றதன் பட்டன்கள் விரலில் இருக்கும். நீளமானதை நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் மொபைலில் நான்கு வரி எழுதிவையுங்கள்: எந்தப் பணியில் இருக்கிறீர்கள், அடுத்து எங்கே போக வேண்டும், எந்த ஆயுதத்தை மேம்படுத்திக்கொண்டிருந்தீர்கள், தப்பிக்கும் பட்டன் எது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பும்போது அந்தக் குறிப்பு இல்லாதவர்கள்தான் புதிதாக முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் மறுபடி நிறுத்துகிறார்கள்.