தெரியாது என்று சொன்ன பிள்ளை

அன்புள்ள ஐயா,

ஹென்றி ஜேம்ஸின் ‘வாட் மெய்சி நியூ’ வாசித்தேன். விவாகரத்தான அப்பா, அம்மாவிடம் ஆறாறு மாதம் மாறி மாறி வளரும் சிறுமியின் கதை. வாக்கியங்கள் ரொம்ப நீளம். இரண்டு தடவை பாதியில் மூடிவைத்தேன். குழந்தைக்காகவாவது அவர்கள் சேர்ந்து வாழ்ந்திருக்கலாம் என்றுதானே நாவல் சொல்கிறது? அப்புறம், அந்தப் பிள்ளையை ஏன் இப்படி மக்காகக் காட்டியிருக்கிறார்?

ம., செந்தூல்

அன்புள்ள ம.,

வாக்கிய நீளத்தை விடுங்கள். இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் மணிக்கட்டு வலி தாங்காமல், ஆள் வைத்துச் சொல்லி எழுதவைக்க ஆரம்பித்தார் ஜேம்ஸ். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பழகிவிடும். இரண்டு தடவை மூடியும் திரும்பத் திறந்தீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

சேர்ந்து வாழ்ந்திருக்கலாமாம்! அப்பா பீலையும் அம்மா ஐடாவையும் ஒரே வீட்டில் வைத்துப் பூட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? கல்யாண வீட்டுப் பந்தியில் பெரிசுகள் பேசுவதை நாவலின் வாயில் திணிக்காதீர்கள். கோர்ட்டு முதலில் பிள்ளையை அப்பனிடம்தான் கொடுக்கிறது. பிள்ளையின் செலவுக்கென்று ஐடா கொடுத்திருந்த 2,600 பவுண்டை அவர் திருப்பித் தரவேண்டும், கையில் காசில்லை. அதனால்தான் ஆளுக்கு ஆறு மாதம். கடன்பாக்கிக்குப் பிள்ளையைப் பங்கு போட்ட கதை அது, 1897இல் வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான நமது மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், பிள்ளையை இடம் மாற்றி மாற்றி அலைக்கழிப்பது நல்லதல்ல என்பதைக் கவனிக்கச் சொல்கிறது. அதுவரைக்கும் பரவாயில்லை.

ஆனால் ‘மக்கு’ என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். அம்மாவைப் பன்றி என்று அப்பா சொல்லியனுப்பியதை மெய்சி வந்து அப்படியே ஒப்பிக்கிறாள். பிறகு ஒருநாள் தன்னை என்னவாக வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கிறது. அன்றிலிருந்து எதையும் சொல்வதில்லை. இரண்டு வீட்டிலும் அவளை அசடு என்கிறார்கள். அது அவளாக எடுத்த முடிவு ஐயா!

எனக்குத் தெரியும். என் அப்பாவும் அம்மாவும் கோர்ட்டுப் படி ஏறாமலே பிரிந்தவர்கள். அம்மா இக்கரையில் பட்டர்வொர்த்தில், அப்பா எதிரே பினாங்குத் தீவில், தண்ணீர்மலைப் பக்கம். பாலம் 1985இல்தான் வந்தது. அதற்கு முன் சனிக்கிழமைதோறும் எனக்கு ஃபெரிதான். தீவுக்குப் போகும்போது மட்டும் காசு, திரும்பி வர இலவசம். “உங்கப்பன் மூஞ்சியப் பாக்க நாம காசு கட்டணும்” என்பார் பாட்டி, ஒவ்வொரு வாரமும், சில்லறையை எண்ணிக்கொண்டே.

அங்கே போனால் அத்தை மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, “வீட்டுக்கு யார்ரா வந்து போறா?” என்பார். தெரியாது. இங்கே வந்தால் பாட்டி என் சட்டையைக் கழற்றி மோந்து பார்ப்பார். “இத யாரு தொவைச்சது?” தெரியாது. “இதுக்கு ஒண்ணும் வெளங்காது” என்று அம்மாவிடம் சட்டையை வீசுவார்.

துவைத்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். பின்கட்டுக் கொடியில் காயப்போடுவார். தோள்பட்டையில் கிளிப் அழுத்திய தடம் இரண்டு இருக்கும். அது மறையட்டும் என்று ஃபெரியில் வரும்போதே எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டு வருவேன்.

அந்த அம்மாவின் பெயரை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

அன்புடன்.