பரிசு புழுவுக்கு, நிறுத்தியது மாத்திரையை!

கேள்வி: சர்க்கரை நோய்க்குக் காரணம் மைக்ரோ ஆர்.என்.ஏ.தான் என்று கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசே கிடைத்துவிட்டதாமே? அதற்கான மருந்து வரட்டும் என்று என் அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரியா?
– வாசகி ஒருவர், தேனி

பதில்: தவறு. அண்ணனை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் கிடைத்தது உண்மை. ஆனால் அது சர்க்கரை நோய்க்காகக் கொடுத்த பரிசு அல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றை ஆராய்ந்து, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒன்று இருப்பதையே 1993-இல் வெளிக்கொண்டு வந்ததற்காக. மரபுச் செய்தி எழுதப்படும் வேதி எழுத்துகளில் ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுதான் அது. மரபணுவிலிருந்து புரதம் செய்யச் சொல்லிப் புறப்படும் செய்தியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். புரத உற்பத்தி குறையும்.

கணையத்துக்கு வருவோம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஸ்டோஃபெல் குழுவினர் 2004-இல் மிர்-375 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பற்றி எழுதினார்கள். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் அதைக் கூட்டியபோது இன்சுலின் சுரப்பு குறைந்தது. அப்படியானால் அதை ஒழித்துவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்றுதானே நினைப்போம்? 2009-இல் வெளியான ஆய்வில், மிர்-375 அறவே இல்லாத எலிகளைப் பார்த்தார்கள். பீட்டா செல்களே குறைந்துபோய், இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது! கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. போதாததற்கு, ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. பல மரபணுக்களின் செய்தியில் கை வைக்கிறது. இதை எங்கே, எவ்வளவு அடக்குவது? அண்ணன் காத்திருக்கும் மருந்து இந்த முடிச்சில்தான் நிற்கிறது. சர்க்கரை நோய்க்கென மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் மருந்து எதுவும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

இந்த ஆராய்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. எலிகளில் பீட்டா செல்கள் அழியும்போது மிர்-375 இரத்தத்தில் கசிவதைப் பார்த்திருக்கிறார்கள். நோயை முன்கூட்டியே அறிய இது வழிவிடும் என்ற நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தாலே சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறிவிடும். எனவே அந்தப் பெயரில் யாராவது பரிசோதனை விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவர் பார்க்கப்போவது, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவைத்தான். மாத்திரை போடாத நாள்கள் எத்தனை என்பதை அண்ணன் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினால், பக்கத்தில் இருந்து நீங்கள் சொல்லிவிடுங்கள்.